அரோராவா, கிர்பியா? கல்லங்குறிச்சிப் பக்கம் இரண்டு சிவப்புத் தட்டான்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லங்குறிச்சி என்றதும் அரியலூர்க்காரர்களுக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடும் கோயில் அது. நிலவியல் படித்தவர்களுக்கு அது ஒரு பாறை அடுக்கின் பெயர். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பி ஓடுகள் அந்த அடுக்கில் மண்டிக் கிடக்கின்றன. சிமெண்ட் ஆலைகளுக்கு அதே அடுக்குதான் சுண்ணாம்புக்கல். தட்டான் பார்க்கிறவர்களுக்கோ இந்தப் பக்கத்தில் வேறொரு வசதி இருக்கிறது. கோரையும் புல்லும் மண்டிய ஏரிக்கரையும், புல் முளைக்காத மொட்டைப் பாறையும் சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு சிவப்புத் தட்டான்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிடத் தோதான நிலம் அமையாது.

ஒன்று டிரைத்தெமிஸ் அரோரா. பர்மைஸ்டர் என்ற ஜெர்மானியர் 1839-ல் விவரித்தது. மற்றது டிரைத்தெமிஸ் கிர்பி. பெல்ஜியத்தின் செலிஸ் 1891-ல் விவரித்தது. களக் கையேடுகளில் முன்னது கிரிம்சன் மார்ஷ் கிளைடர், பின்னது ஸ்கார்லெட் ராக் கிளைடர். சதுப்பு ஒன்றின் பெயரிலும் பாறை மற்றதன் பெயரிலும் இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கீழே அரோரா, கிர்பி என்றே சுருக்கமாகச் சொல்கிறேன்.

படி 1: தட்டானா, ஊசித்தட்டானா?

இது எளிது. உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருந்தால், கண்கள் இரண்டும் தலையுச்சியில் ஒட்டியிருந்தால், அது தட்டான். உடல் குச்சிபோல மெலிந்து, கண்கள் தலையின் இரு பக்கமும் தள்ளி நின்று, இறக்கைகளை முதுகோடு மடக்கி வைத்திருந்தால் ஊசித்தட்டான். விரித்து உட்காரும் ஊசித்தட்டான்களும் உண்டு. அப்போது கண்களைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நம் இரண்டு இனங்களும் தட்டான்கள்.

படி 2: எப்போது, என்னென்ன எடுத்துக்கொண்டு?

மழைக்காலம் தொடங்கி ஏரிகளில் தண்ணீர் நிற்கும் நாட்கள், அதாவது அக்டோபர் முதல் ஜனவரி வரை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை. வெயில் ஏறிய பிறகு போனால் போதும். காலை ஒன்பதுக்கு முன் போனால் பனி காயாமல் தட்டான் செடிக்குள் ஒளிந்திருக்கும். உச்சிவெயிலில் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நிற்பதையும் பார்க்கலாம். உடம்பில் படும் வெயிலைக் குறைக்க அது செய்யும் உபாயம் அது.

எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண்நோக்கி இருந்தால் நல்லது. வாங்கும்போது கடைக்காரரிடம், இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் தெளிவாகத் தெரியுமா என்று கேளுங்கள். பறவை பார்ப்பதற்காகச் செய்த பல கருவிகளில் பக்கத்துப் பொருள் மங்கலாகத்தான் தெரியும். இருகண்நோக்கி இல்லாவிட்டாலும் கைபேசி கேமராவும் பொறுமையும் போதும். வலை வேண்டாம். வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைத்த பால்யம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு இப்போது ஈடுகட்டலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, ஓரத்தில் பாறை இருக்கிறது, கிர்பி இருக்கும் என்று இறங்கிவிடாதீர்கள். இயங்கும் சுரங்கத்துக்குள் போக அனுமதி வேண்டும். கைவிட்ட பள்ளங்களின் ஓரம் சரியும், ஆழம் தெரியாது. அந்தச் சாலைகளில் டிப்பர் லாரிகள் நிற்காமல் ஓடுகின்றன. பாறைக்குக் கோயில் குளத்துப் படிக்கட்டு போதும். பாலத்தடி, தடுப்பணை, ஏரியின் கலிங்கல், ஓடையில் கிடக்கும் கல் எல்லாமே நல்ல இடங்கள்தான்.

படி 3: சிவப்பாக இருப்பதெல்லாம் டிரைத்தெமிஸ் அல்ல

தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஏரிக்கரையில் சிவப்பாகப் பறக்கும் தட்டான்களில் குறைந்தது மூன்றை முதலில் ஒதுக்க வேண்டும்.

குரோக்கோத்தெமிஸ் செர்விலியா சற்றுப் பெரியது. அப்பட்டமான இரத்தச் சிவப்பு. முதுகின் நடுவே வால்முனை வரை மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு கண்ணில் பட்டதும் நம் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடலாம். வயலோரம், ஏரி, குட்டை என்று எங்கும் இருக்கும் இனம் இது.

பிராக்கித்தெமிஸ் கண்டாமினாட்டா சின்னது. சாக்கடைத் தண்ணீரையும் சகித்துக்கொண்டு வாழ்வது. இதன் ஆணுக்கு இறக்கையின் பெரும்பகுதி, முனைக்குப் பக்கத்தில் உள்ள பொட்டு வரையிலும் ஆரஞ்சு நிறம் பரவியிருக்கும். கிர்பியோடு குழப்பிக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இதுதான். கிர்பியின் ஆரஞ்சு அவ்வளவு தூரம் போகாது.

யூரோத்தெமிஸ் சிக்னாட்டாவுக்குப் பின்னிறக்கையின் அடியில் அடர்பழுப்புத் திட்டு இருக்கும். அது தேன்நிறமல்ல, பழுப்பு.

இவற்றை ஒதுக்கிய பிறகு எஞ்சியது டிரைத்தெமிஸ்தானா என்று உறுதிசெய்ய, அது உட்காரும் விதத்தைப் பாருங்கள். டிரைத்தெமிஸ்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில் இறக்கைகளை முன்னும் கீழுமாகத் தொங்கவிடும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு டிராப்விங் என்ற பெயரே இதனால்தான் வந்தது. ஒரே குச்சியிலிருந்து கிளம்பி, எதையாவது பிடித்துத் தின்று, மறுபடி அதே குச்சிக்குத் திரும்பும் பழக்கமும் உண்டு. அதனால் துரத்த வேண்டாம். கிளம்பிப் போன குச்சியைப் பார்த்தபடி அசையாமல் நில்லுங்கள், திரும்பி வரும்.

படி 4: இறக்கையின் அடியைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பத்தியை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள். இரண்டு இனங்களிலும் ஆணின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் தேன்நிறத் திட்டு இருக்கிறது. அரோராவில் அந்தத் திட்டு அடியோடு நின்றுவிடும். எட்ட நின்று பார்த்தால் இறக்கை கண்ணாடிபோலத் தெளிவாகவே தெரியும். கிர்பியில் திட்டு பெரிது, இறக்கையின் நடுப்பகுதியை நோக்கிப் பரவும், வெயில் பட்டால் தூரத்திலிருந்தே ஆரஞ்சாக ஒளிரும். பறக்கும்போதுகூட இந்த வித்தியாசம் தெரியும்.

அடுத்தது நரம்பு. அரோரா ஆணின் இறக்கை நரம்புகள் செந்நிறம். தெளிவான இறக்கையின் மேல் ரோஜா நிற வலை பின்னியதுபோல இருக்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சந்தேகமே வராது.

மூன்றாவது, சிவப்பின் வகை. அரோரா சிவப்போடு ஊதா கலந்தது. வளர்ந்த ஆணின் உடம்பின் மேல் மெல்லிய ஊதாப் பொடி பூத்திருக்கும். அதனால் நிழலில் இளஞ்சிவப்பாகவும் வெயிலில் கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கமாகவும் தெரியும். கிர்பியிடம் ஊதாவே கிடையாது. அது ஆரஞ்சை ஒட்டிய, பளிச்சென்ற சிவப்பு. வால்முனையில் கொஞ்சம் கறுப்பு இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கைபேசி கேமராக்கள் சிவப்பை இஷ்டத்துக்கு மாற்றுகின்றன. ஊதா சாயலை அழித்துவிட்டு மிளகாய்ச் சிவப்பாகக் காட்டும் கைபேசிகளே அதிகம். திட்டின் அளவைக் கேமராவால் மாற்ற முடியாது.

அளவை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன்தான்.

படி 5: எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?

அரோரா கோரை நுனி, காய்ந்த குச்சி, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டாமணக்குக் கிளை போன்றவற்றில் உட்காரும். அதற்குத் தேவை கரையோரச் செடிகள். தேங்கிய நீர், மெல்ல ஓடும் நீர் இரண்டும் சம்மதம்.

கிர்பி வெறும் பாறையில், சூடேறிய சிமெண்ட் படியில், கல்லில், சில சமயம் கட்டாந்தரையில் உட்காரும். வறண்ட, பாறைப்பாங்கான நிலத்து நீர்நிலைகளே அதற்கு இஷ்டம். ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா வரை பரவிய இனம் என்பதை நினைத்தால் இந்தச் சுபாவம் புரியும்.

இது சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல. கல்லில் உட்கார்ந்த அரோராவையும் குச்சியில் உட்கார்ந்த கிர்பியையும் நீங்கள் பார்க்கவே செய்வீர்கள். இடம் ஒன்றைச் சொல்லி, இறக்கைத் திட்டு வேறொன்றைச் சொன்னால் திட்டின் பக்கம் நில்லுங்கள். கல்லங்குறிச்சியின் சிறப்பு, இரண்டு வகை இடங்களையும் ஒரே காலையில் பார்த்துவிட முடிவதுதான். முதலில் ஏரிக்கரை, பிறகு வெயில் ஏறியதும் கல்படிகள் என்று போனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம்.

படி 6: பெண்களும் இளசுகளும்

பெண் தட்டான்கள் சிவப்பாக இருப்பதில்லை. இரண்டு இனத்திலும் பெண் மஞ்சள்பழுப்பு, ஆங்காங்கே கறுப்புக் கோடுகள். திட்டும் வெளிறியே இருக்கும். கூடவே ஒரு சிக்கல்: புதிதாகத் தோலுரித்து வெளிவந்த இளம் ஆணும் பெண்ணைப்போல மஞ்சளாகத்தான் இருக்கும். நாட்கள் போகப்போகத்தான் சிவக்கும்.

இந்த நிறமாற்றத்தின் காரணத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டறிந்தார்கள். புதிய நிறமி எதுவும் சுரப்பதில்லை. ஏற்கெனவே உள்ள ஓமோகுரோம் நிறமி வேதிமாற்றம் அடைந்து மஞ்சளிலிருந்து சிவப்பாகிறது. வைட்டமின் சி-யை ஊசியில் ஏற்றி மஞ்சள் தட்டானைச் சிவக்கவைத்தும் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இனங்களில் ஒன்று படி மூன்றில் நாம் ஒதுக்கிய குரோக்கோத்தெமிஸ் செர்விலியா.

ஆணா பெண்ணா என்று பார்க்க, பக்கவாட்டில் இருந்து வயிற்றின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். நெஞ்சை ஒட்டிய இரண்டாம் கணுவின் அடியில் ஒரு புடைப்பு இருந்தால் ஆண். மஞ்சள் நிறப் பெண்ணை அரோராவா கிர்பியா என்று பிரிக்க முதல் ஆண்டில் மெனக்கெட வேண்டாம். குறிப்பேட்டில் ‘டிரைத்தெமிஸ், பெண்’ என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயர் எழுதுவதைவிடப் பாதிப் பெயர் எழுதுவது உபயோகமானது.

படி 7: மூன்று படம், ஒரு குறிப்பு

ஒவ்வொரு தட்டானையும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இறக்கையின் அடி தெரிய ஒன்று என்று மூன்று கோணத்தில் எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். ஆனால் உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் பறந்துவிடும். குறிப்பில் தேதி, நேரம், இடம், உட்கார்ந்த பொருள், நீரின் தன்மை, எத்தனை கண்டீர்கள் என்பதை எழுதுங்கள். தேடியும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள். பின்னால் ஒப்பிட அது தேவைப்படும்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் மற்றவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். இந்தியத் தும்பிகளுக்கென்றே, அதாவது தட்டான்களுக்கும் ஊசித்தட்டான்களுக்கும் சேர்த்து, ‘ஓடோநேட்டா ஆஃப் இந்தியா’ இணையதளம் இருக்கிறது. கையேடு வேண்டுமென்றால் கே.ஏ.சுப்பிரமணியன் எழுதி விஞ்ஞான் பிரசார் 2009-ல் வெளியிட்ட இந்தியத் தும்பிகள் பற்றிய களக் கையேடு நல்ல தொடக்கம். ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் கடைசியில் போய்ச் சேருமிடம் ஃபிரேசர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அந்த மருத்துவர் 1933-க்கும் 1936-க்கும் இடையே மூன்று தொகுதிகளாக எழுதிய நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

படி 8: செம்பட்டியலை எப்படிப் படிப்பது?

இரண்டின் பெயரும் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, எது ஆபத்தில் இருக்கிறது? இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் (ஐயுசிஎன்) வெளியிடும் செம்பட்டியலில் தேடினால் இரண்டுக்கும் ஒரே பதில் வரும்: கவலை குறைந்த இனம். பலரும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடாமல் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம்.

செம்பட்டியல் ஒரு இனத்தை உலகம் முழுவதற்கும் சேர்த்து மதிப்பிடுகிறது. பத்து ஆண்டுகளில், அல்லது மூன்று தலைமுறைகளில், எவ்வளவு குறைந்தது? எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது? இப்படிச் சில அளவுகோல்கள் உண்டு. எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்திருந்தால் ‘அழிவுறு நிலைக்கு ஆளாகக்கூடியது’ என்ற படியைத் தொடும். பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, கூடவே இடம் துண்டுதுண்டாகி வாழிடமும் சுருங்கிக்கொண்டிருந்தாலும் அதே படி. அரியலூர் மாவட்டத்தின் பரப்பு இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது பத்து அரியலூர்களுக்குள் அடங்கிப்போகும் இனத்தைத்தான் இந்த அளவுகோல் கவலையோடு பார்க்கத் தொடங்குகிறது.

அரோரா இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஜப்பானின் தென்பகுதி வரை இருக்கிறது. கிர்பியின் எல்லையோ இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. 2007-ல் ஸ்பெயினின் தென்பகுதியில் தென்பட்டது, அதன்பின் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெப்பம் கூடுவது இந்த இனத்துக்கு வழி திறந்துவிட்டது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்படிப்பட்ட இரண்டுக்கும் ‘கவலை குறைந்த இனம்’ என்ற முத்திரை சரியானதே. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் முத்திரை ஒன்றாக இருப்பதால் நிலைமையும் ஒன்றாகிவிடாது. அரோராவுக்கு வேண்டியது கரையோரப் பச்சை. கிர்பிக்கு வேண்டியது வெறும் கல்லும் பக்கத்தில் தண்ணீரும். மனிதர் நிலத்தைத் தோண்டிக் கல்லை வெளியே கொண்டுவரும் ஊரில், ஏரிக்கரையைச் சுத்தமாகச் சிரைத்து நான்கு பக்கமும் கான்கிரீட் சாய்வு போடும் காலத்தில், ஒன்றின் இடம் கூடுகிறது, மற்றதன் இடம் குறைகிறது. உலகப் பட்டியலில் இந்த மாற்றம் ஒருபோதும் தெரியாது. கல்லங்குறிச்சி ஏரியில் அரோரா அறவே இல்லாமல் போனாலும் செம்பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது. உள்ளூர் நிலையை உள்ளூரில் எண்ணினால்தான் தெரியும்.

உலக நிலவரம் நிம்மதி தருவதும் அல்ல. 2021 டிசம்பரில் முதன்முறையாக உலகின் தும்பிகள் அனைத்தையும் சேர்த்து மதிப்பிட்டார்கள். 6,016 இனங்களில் 16 சதவீதம் அழிவு ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் இது நான்கில் ஒன்றுக்கும் மேல். முக்கியக் காரணம், எண்ணெய்ப்பனை போன்ற பயிர்களுக்காக ஈரநிலமும் மழைக்காடும் அழிக்கப்படுவது. ஆபத்தில் இருப்பவற்றில் ஏராளமானவை ஒற்றை மலைத்தொடரிலோ ஒற்றை ஓடையிலோ மட்டும் வாழ்பவை. அரோராவும் கிர்பியும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

சட்டம் வேறு, பட்டியல் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லிக் காக்கப்பட்ட தும்பி, இமயமலையில் வாழும் பழமையான எபியோஃபிளேபியா லேய்ட்லாவி. நம் இரண்டுக்கும் அப்படித் தனிக் காவல் கிடையாது. இந்த மாவட்டத்திலேயே சட்டக் காவலும் சர்வதேச அடையாளமும் பெற்ற நீர்நிலை கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காகக் காக்கப்படும் தண்ணீர் தட்டானையும் சேர்த்தே காக்கிறது. மற்ற ஊர் ஏரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

படி 9: உங்கள் ஏரியின் கணக்கு

ஒரு ஏரிக்கரையிலும் ஒரு கல்படித் துறையிலும் தலா நூறு மீட்டர் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மாதம் இருமுறை, வெயில் உள்ள காலையில், அரை மணி நேரம் மெல்ல நடந்து ஆண் அரோரா எத்தனை, ஆண் கிர்பி எத்தனை என்று எண்ணுங்கள். அதே இடம், அதே நேரம், அதே வேகம் என்பது மட்டும்தான் விதி. பள்ளிப் பிள்ளைகளோடு செய்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை. கூடவே கரையில் பச்சை எவ்வளவு, சீமைக் கருவேலம் எவ்வளவு, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா என்பதையும் குறித்துவாருங்கள். ஆகாயத்தாமரை தண்ணீரை முழுக்க மூடிவிட்டால், நீரைத் தட்டி முட்டையிடும் பெண்ணுக்கு இடம் இருக்காது.

முழு ஆண்டுக் கணக்கு கையில் வந்ததும் அதைப் பயன்படுத்த வேண்டிய இடம் கிராம சபை. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கூட்டம் மழைக்கால ஏரியைப் பற்றிப் பேசத் தோதான நாள். தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. தூர்வாராத ஏரியில் தண்ணீரே நிற்காது, தண்ணீர் இல்லாவிட்டால் தட்டானும் இல்லை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பொக்லைன் இறங்கும்போது கரையின் எல்லாப் பக்கத்தையும் ஒரே கோடையில் வழிக்காமல், கோரை உள்ள ஒரு பக்கத்தை விட்டுவைத்து, அதை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளட்டும். தட்டானின் குஞ்சுப்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான் கழிகிறது. அந்தப் புழுக்கள் கொசுப்புழுவைத் தின்கின்றன, ஏறி வந்து தோலுரிக்கக் கோரைத் தண்டு வேண்டும். கூட்டத்தில் யாராவது ‘பூச்சிக்காகவா?’ என்று கேட்டால் கொசுவில் இருந்து பேச்சைத் தொடங்குங்கள், டெங்குக் காலத்தில் எல்லோரும் காது கொடுப்பார்கள்.

அரோராவும் கிர்பியும் கைவந்த பிறகு அடுத்த ஜோடியாக டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸையும் டிப்ளகோடெஸ் நெபுலோசாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது உங்கள் வீட்டு வாசல் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். பின்னதின் ஆணுக்கு இறக்கை நுனியில் கறுப்புத் திட்டு உண்டு. அதைப் பார்க்கப் புல் மண்டிய ஈரக்கரைக்குத்தான் போக வேண்டும்.